கண் நிற்கும் இடம்

டெல்லியில் இந்தியா கேட் பக்கமிருந்து மேற்கே ரைசினா குன்றை நோக்கி நடந்தால் விசித்திரமான ஒன்றைப் பார்க்கலாம். தூரத்தில் குடியரசுத் தலைவர் மாளிகையின் குவிமாடமும் அதன் கீழுள்ள தூண் வரிசையும் தெரிகின்றன. நெருங்க நெருங்க அவை பெரிதாக வேண்டும். ஆனால் விஜய் சௌக்கைத் தாண்டி ஏற்றத்தின் அடிவாரத்துக்கு வரும்போது மாளிகை சாலைக்குப் பின்னால் அமிழத் தொடங்குகிறது. தூண்கள் மறைகின்றன, குவிமாடத்தின் மேற்பகுதி மட்டும் மிஞ்சுகிறது. மேடேறி முடித்த பிறகுதான் கட்டடம் மறுபடி முழுதாக எழுகிறது.

அதை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸுக்கு இது தீராத மனக்கசப்பாக இருந்தது. குன்றின் உச்சியில், அன்று வைஸ்ராய் மாளிகை என்றழைக்கப்பட்ட அந்தக் கட்டடம் மட்டும் நிற்பதாகத்தான் முதல் திட்டம். பிறகு ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்த இரண்டு தலைமைச் செயலகக் கட்டடங்களும் அதே மேட்டுக்கு வந்தன. மாளிகை சுமார் 400 கஜம் பின்னால் தள்ளப்பட்டது. மேட்டுக்கு ஏறும் சாலையின் சரிவு ஏறத்தாழ 22 அடிக்கு 1 அடி என்று முடிவானது. அந்தச் சரிவு லட்யன்ஸுக்குத் தெரியாமல் முடிவானதல்ல. அதன் விளைவை முழுதாக உணர்ந்து மாற்றச் சொல்லிப் போராடியபோது காலம் கடந்திருந்தது. 1916இல் புதிய தலைநகரைக் கட்டும் பொறுப்பிலிருந்த குழு அவருடைய கோரிக்கையை ஏற்க மறுத்தது.

தேர்ந்த இரண்டு கட்டடக் கலைஞர்கள், முறையான பிளான், முறையான எலிவேஷன், எண்ணாகவே எழுதப்பட்ட சரிவு. இத்தனையும் இருந்தும் எங்கே பிசகியது? ஒரு முக்கோணக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஏற்றத்தின் நீளம் 200 மீட்டர், மேட்டின் விளிம்பிலிருந்து மாளிகை 365 மீட்டர் பின்னால் என்று வைத்துக்கொள்வோம். அடிவாரத்தில் நிற்பவரின் கண் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால், மாளிகையின் அடிப்பகுதியில் சுமார் 14 மீட்டர் மறைந்துபோகும். ஏறக்குறைய நான்கு மாடி உயரம். அதே இடத்தில் கண்ணை 10 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிப் படம் வரைந்தால் மறைவே இருக்காது, அடித்தளம்வரை எல்லாம் தெரியும். கட்டடமும் சரிவும் மாறவில்லை. கண்ணின் உயரம் மட்டும் மாறியது. ஆனால் அந்தச் சாலையில் 10 மீட்டர் உயரத்தில் கண் உள்ள மனிதர் யாரும் நடக்கப்போவதில்லை.

கட்டப்படாத கட்டடத்தை நிஜம்போலக் காட்டும் படங்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இன்று அப்படிப்பட்ட படங்கள் எங்கும் நிறைந்திருக்கின்றன. அடுக்குமாடி விளம்பரங்களில், நகராட்சி அறிவிப்புப் பலகைகளில், வாட்ஸாப்பில் இன்ஜினியர் அனுப்பும் 'த்ரீ டி எலிவேஷனில்' அவற்றைப் பார்க்கிறோம். அழகாக இருக்கிறதா என்று கேட்கிறோம். கண்ணை எங்கே நிறுத்தி இதை எடுத்தீர்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத படத்தை வைத்து வீடு வாங்கவோ, நிலம் கொடுக்கவோ, அனுமதி வழங்கவோ கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கட்டட வரைபடத்துக்கும் காட்சிப் படத்துக்கும் உள்ள பகை பழையது. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதப்பட்டு 1485இல் ஃப்ளாரன்ஸில் அச்சான கட்டடக்கலை நூலில், லியோன் பட்டிஸ்டா ஆல்பெர்ட்டி ஓவியரின் வேலையையும் கட்டடக் கலைஞரின் வேலையையும் பிரித்து வைத்தார். ஓவியர் நிழலையும் சுருங்கும் கோடுகளையும் கொண்டு கண்ணுக்கு மேடுபள்ளம் காட்டுபவர். கட்டடக் கலைஞர் அளவு பிசகாத கோடுகளில் நிற்க வேண்டியவர். இத்தனைக்கும் ஓவியருக்கான பெர்ஸ்பெக்டிவ் இலக்கணத்தை 1435இல் எழுதிவைத்தவரும் இதே ஆல்பெர்ட்டிதான். இரண்டையும் அறிந்தவர் என்பதால் அவருடைய எச்சரிக்கைக்குக் கனம் அதிகம். பிளான், எலிவேஷன், செக்ஷன் மூன்றிலும் கண் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு கோடும் காகிதத்துக்குச் செங்குத்தாக இறங்குகிறது. ஆகவே கொத்தனார் அதில் அளவுகோல் வைத்து அளக்கலாம். பெர்ஸ்பெக்டிவில் அப்படி அளக்க முடியாது. தூரத்துச் சன்னல் சிறுத்துவிடும். அதற்குப் பதிலாக, நடக்கிறவருக்கு என்ன தெரியும் என்பதை அது சொல்கிறது. ரைசினாவில் தேவைப்பட்டது இந்த இரண்டாவது அறிவு.

வீடு கட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பிளான் படிக்க வராது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது பயிற்சியால் வருவது. 10-க்கு 12 படுக்கையறை என்று காகிதத்தில் பார்த்துத் தலையாட்டுகிறவர், சுவர் எழும்பிய பிறகு கட்டிலைப் போட்டால் பீரோ திறக்க இடமில்லை என்பதைக் கண்டு திகைக்கிறார். சன்ஷேடு இவ்வளவு நீளமா, படி இவ்வளவு செங்குத்தா என்று கான்கிரீட் போட்ட பிறகு கேட்கிறார். நல்ல காட்சிப் படம் இந்தத் திகைப்பை முன்கூட்டியே கொண்டுவந்துவிடும். சுவரை இடிப்பதைவிடக் கோட்டை அழிப்பது மலிவு. அதனால்தான் இந்தக் கலை தேவை என்கிறேன்.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். ஆட்டோகேடில் வரைந்த கோப்பு வந்ததும் முதலில் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். பரிமாணக் கோடுகள், எழுத்துகள், பிளம்பிங் குறிகள் எல்லாம் போய்ச் சுவர்க் கோடுகள் மட்டும் மிஞ்ச வேண்டும். அடுத்தது அலகு: மில்லிமீட்டரில் வரைந்ததை அங்குலமாக எடுத்துக்கொண்டால் வீடு இருபத்தைந்து மடங்கு வீங்கிவிடும். பிறகு ஸ்கெட்ச்அப், ரெவிட், த்ரீ டி எஸ் மேக்ஸ், பிளெண்டர் போன்ற ஏதோ ஒன்றில் சுவர்களை எழுப்புவார்கள். உயரங்கள் பிளானில் இருக்காது, செக்ஷனில்தான் இருக்கும். பிளானும் செக்ஷனும் ஒன்றோடொன்று முரண்படுவது இந்தக் கட்டத்தில்தான் அடிக்கடி பிடிபடுகிறது: படி முடியும் இடத்தில் பீம் தலையை இடிக்கும், கழிப்பறைச் சன்னல் பக்கத்து அறையின் மேற்கூரைக்குள் திறக்கும். வண்ணமே இல்லாத வெள்ளை மாடல் ஒன்றைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் இந்த அரைநாள் வேலையை, பளபளப்பான இறுதிப் படத்தைவிட நான் உயர்வாக மதிக்கிறேன்.

அதன் பிறகு பொருள்கள் வருகின்றன: செங்கல், சுண்ணாம்புப் பூச்சு, கடப்பா, தேக்கு. ஒவ்வொன்றுக்கும் நிறம் மட்டும் போதாது. எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது, சிதறித் திருப்புகிறதா கண்ணாடிபோல் திருப்புகிறதா என்பதையும் கொடுக்க வேண்டும். பின்பு ஒளி. கணினிப் படங்கள் நிஜம்போல ஆனதன் கதை, ஒளி ஒரு பரப்பில் பட்டதும் நின்றுவிடுவதில்லை என்ற உண்மையைக் கணக்கில் சேர்த்த கதைதான். 1980இல் டர்னர் விட்டெட், கண்ணிலிருந்து கதிர்களைப் பின்னோக்கி அனுப்பிப் பிரதிபலிப்பையும் ஒளிவிலகலையும் கணக்கிடும் முறையை வெளியிட்டார். கண்ணாடிக் கோளங்கள் அற்புதமாக வந்தன. ஆனால் சாதாரணச் சுவர்கள் உயிரற்றிருந்தன. 1984இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் கிரீன்பெர்க்கின் குழு, பளபளப்பற்ற பரப்புகள் ஒன்றுக்கொன்று ஒளியைக் கொடுத்து வாங்குவதை, வெப்பப் பரிமாற்றப் பொறியியலின் சமன்பாடுகளைக் கொண்டு கணக்கிட்டுக் காட்டியது. செட்டிநாட்டு வீட்டில் சிவந்த தரைமேல் வெயில் விழும்போது வெள்ளைச் சுவரின் அடிப்பகுதி இளஞ்சிவப்பாகத் தெரியுமே, அந்த நிறக் கசிவு அன்றுதான் கணினிக்குள் நுழைந்தது. 1986இல் ஜேம்ஸ் கஜியா இவை எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டுக்குள் அடக்கினார். இன்றைய வி-ரே, கொரோனா, பிளெண்டரின் சைக்கிள்ஸ் எல்லாம் அந்தச் சமன்பாட்டுக்குத் தோராய விடை தேடுபவையே.

தோராயம் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் நூற்றுக்கணக்கான கதிர்களைத் தற்செயலான திசைகளில் அனுப்பிச் சராசரி எடுக்கிறார்கள். கதிர்கள் குறைந்தால் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தெரியும். 'இரைச்சல்' எனப்படும் இந்தக் குறையைப் பாதியாக்கக் கதிர்களை நான்கு மடங்காக்க வேண்டும். ஒரு படத்துக்கு இரவு முழுவதும் கணினியை ஓடவிட்ட காலத்துக்குக் காரணம் இதுதான். இப்போது கிராஃபிக்ஸ் அட்டைகளின் வேகத்தால் லூமியன், என்ஸ்கேப், அன்ரியல் என்ஜின் போன்றவை நொடிக்குள் காட்டிவிடுகின்றன. கொஞ்சம் துல்லியத்தை விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்குகின்றன.

இப்படி இயற்பியல் அவ்வளவு கறாராக உள்ளே உட்கார்ந்திருப்பதால்தான் படத்தை நம்பிவிடுகிறோம். ஆனால் ஒளி கறாராக இருந்தால் போதுமா? படத்தில் பொய் நுழையும் வாசல்கள் வேறு.

முதல் வாசல் லென்ஸ். 50 மி.மீ. லென்ஸ் முழுச்சட்டக் கேமராவில் பக்கவாட்டில் சுமார் 40 டிகிரி அகலத்தைப் பிடிக்கும். 18 மி.மீ. லென்ஸ் 90 டிகிரியைப் பிடிக்கும். சிறிய அறையை இந்த அகல லென்ஸில் எடுத்தால் எதிர்ச்சுவர் எங்கோ தள்ளிப்போய், கூடம் கல்யாண மண்டபம்போல விரியும். நிஜக் கேமராவுக்காவது சுவருக்குள் நிற்க முடியாது என்ற கட்டுப்பாடு உண்டு. மென்பொருள் கேமராவுக்கு அதுவும் இல்லை. முதுகுப் பக்கச் சுவரை வெட்டி நீக்கிவிட்டு அடுத்த வீட்டுக்குள் நின்றபடி படம் எடுக்கலாம். அறைக்குள் வாழப்போகிற எவரும் ஒருநாளும் நிற்க முடியாத இடம் அது. கட்டிலையும் சோபாவையும் கொஞ்சம் சுருக்கிவிட்டால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

இரண்டாவது வெயில். மென்பொருளில் ஊரின் அட்சரேகையும் நாளும் நேரமும் கொடுத்தால் சூரியன் தானே சரியான இடத்தில் நிற்கும். ஆனால் பலரும் கொடுப்பதில்லை. படத்துக்கு அழகான பக்கத்தில் சூரியனைக் கையால் இழுத்துவைக்கிறார்கள். சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஆகவே ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. லண்டனில் இது எந்நாளும் நடக்காது. வடக்குச் சுவரில் வெயிலே படாது என்ற ஐரோப்பியப் பாடத்தை மனத்தில் வைத்துச் சன்ஷேடைச் சுருக்கினால், கோடை உச்சத்தில் அந்த அறைவாசிதான் அனுபவிப்பார். மேற்கு பார்த்த பெரிய கண்ணாடிச் சன்னலை விளம்பரப் படம் எப்போதும் அந்தி மயங்கும் நேரத்தில்தான் காட்டும்: உள்ளே விளக்கெரிய, கண்ணாடி ஊடுருவித் தெரிய, வானம் நீலமாக. மே மாதம் மாலை 4 மணிக்கு அந்தச் சன்னலோரம் எப்படி இருக்கும் என்பதையும் அதே மென்பொருளே காட்டும். கேட்க ஆள் வேண்டும்.

மூன்றாவது மரம். குடிபுகும் நாளில் நட்ட கன்று, படத்தில் முப்பது வயது மரமாக நிற்கிறது. அதிலும் மேப்பிளும் பிர்ச்சும். வேம்பும் புங்கனும் பூவரசும் மென்பொருள் நூலகத்தில் எளிதில் அகப்படுவதில்லை என்பதால், ஓ.எம்.ஆர். சாலைக் கட்டடங்களின் முன்னால் ஸ்காண்டிநேவிய இலையுதிர்காலம் நடக்கிறது. நடமாடும் மனிதர்களும் அங்கிருந்தே வந்தவர்கள். மேல்நிலைத் தொட்டி, ஏ.சி. வெளிப்பெட்டி, கொடியில் காயும் துணி, டிரான்ஸ்ஃபார்மர், எதிர்வீட்டுச் சுவர் ஆகியவை காணாமல் போகின்றன. நம் தெருவையும் நம் ஆட்களையும் அழித்துவிட்டு நமக்கே விற்கும் இந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

காட்சிப் படம் இதற்காகத்தான் பிறந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் தோட்டக்கலைஞர் ஹம்ஃப்ரி ரெப்டன், தன் வாடிக்கையாளர்களுக்குச் சிவப்பு அட்டைப் புத்தகங்கள் தயாரித்துக் கொடுத்தார். நிலம் இப்போது இருக்கும் நிலை மேலே ஒட்டிய மடிப்பில் இருக்கும். அதைத் தூக்கினால் மாற்றிய பிறகு வரும் காட்சி, அதே இடத்திலிருந்து. ரெப்டன் வியாபாரிதான், ஆனாலும் முன், பின் இரண்டையும் ஒரே கண்ணால் காட்டும் நேர்மை அந்த மடிப்பில் இருந்தது. ஜோசஃப் கேண்டி 1830இல், ஜான் சோன் கட்டிய பேங்க் ஆஃப் இங்கிலாந்தைப் பறவைப் பார்வையில் கூரை பிளந்து வரைந்தார். இடிபாடாகவும் தெரியும், அறைகளின் அமைப்பை விளக்கும் வெட்டுத் தோற்றமாகவும் தெரியும் அந்த ஓவியத்தில் பிளானும் பெர்ஸ்பெக்டிவும் ஒன்றாகின்றன.

இவர்கள் எல்லோரையும்விட எனக்கு நெருக்கமானவர் நியூயார்க்கின் ஹியூ ஃபெரிஸ். 1916இல் அந்நகரம், தெருவுக்கு வெளிச்சம் வர வேண்டும் என்பதற்காகக் கட்டடங்கள் மேலே போகப் போகப் பின்வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டது. சட்டம் சொற்களாகவும் கோணங்களாகவும் இருந்தது. அது அனுமதிக்கும் உச்ச உருவம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெளிவில்லை. 1922இல் கட்டடக் கலைஞர் ஹார்வி விலி கார்பெட்டுடன் சேர்ந்து ஃபெரிஸ் அதைக் கரிக்கோலால் நான்கு கட்டங்களாக வரைந்தார்: முதலில் சட்டம் விடும் மொத்தப் பருமன், பிறகு வெளிச்சத்துக்காகக் குடைந்தது, அடுத்து செங்குத்து அடுக்குகளாகச் செதுக்கியது, இறுதியில் கட்டத்தக்கது. எதிர்கால நகரம் பற்றிய தன் 1929ஆம் ஆண்டுப் புத்தகத்திலும் இவற்றைச் சேர்த்தார். இங்கே படம் விற்பனைக்கு வரவில்லை. ஒரு விதி நகரத்தை என்ன செய்யும் என்று ஆராய வந்தது. நம் ஊரில் தளப்பரப்புக் குறியீட்டை உயர்த்தும் ஆணைகள் எண்களாகவே வந்து எண்களாகவே போகின்றன. அந்த எண் தி.நகரின் ஒரு குறுக்குத்தெருவை எப்படி மாற்றும் என்று ஒரு ஃபெரிஸ் வரைந்து காட்டினால், ஆட்சேபிப்பவர்களும் ஆதரிப்பவர்களும் ஒரே விஷயத்தைப் பற்றியாவது பேசுவார்கள்.

படத்தைச் சோதிக்கத்தக்கதாக ஆக்க முடியுமா என்றால், முடியும். லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தின் தோற்றத்தை மறைக்கும் உயர்கட்டடங்கள் பற்றிய வழக்காடல்கள் அதற்கு வழிசெய்தன. ஹெரான் கோபுரம், ஷார்ட் போன்றவற்றுக்கு 2000களின் தொடக்கத்தில் பொது விசாரணைகள் நடந்தன. கட்டினால் தூரத்திலிருந்து எப்படித் தெரியும் என்பதே வாதத்தின் மையம். ஒரு தரப்பின் அழகுப் படத்தை மறுதரப்பு ஏற்காது. ஆகவே அளந்து சரிபார்த்த காட்சிப் படம் என்ற நடைமுறை வேரூன்றியது. முக்காலி நின்ற புள்ளியை நில அளவைக் கருவியால் குறிக்கிறார்கள். புகைப்படத்தில் தெரியும் கட்டட மூலைகள் சிலவற்றையும் அளக்கிறார்கள். மென்பொருள் கேமராவை அவற்றோடு பொருத்திய பிறகே கட்டட மாடலைப் படத்தில் வைக்கிறார்கள். லண்டன் நகர்க் காட்சிகளுக்கான வழிகாட்டி இதை நான்கு படிகளாகப் பிரிக்கிறது. பூஜ்யம் இடத்தையும் அளவையும் மட்டும் காட்டும், ஒன்று, எவ்வளவு தெரியும் என்பதைச் சேர்க்கும், இரண்டு, கட்டட வடிவத்தை, மூன்று, பொருள்களை. எதை நிரூபிக்கிறேன், எதை நிரூபிக்கவில்லை என்று படமே அறிவித்துவிடுகிறது.

ஸ்காட்லாந்தில் காற்றாலைகளைச் சுற்றி இதே போராட்டம் நடந்தது. அகன்ற பனோரமாவில் ஒட்டிக் காட்டிய காற்றாலைகள் சிறு குச்சிகளாகத் தெரிந்தன. கட்டிய பிறகு மலைமேல் பூதங்களாக நின்றன. ஹைலேண்ட் மன்றம் 2010இல் தனக்கென விதிமுறை வகுத்து, லென்ஸையும் அச்சிடும் அளவையும்கூடக் கட்டுப்படுத்தியது.

ஆனால் வடிவத்தைச் சரிபார்த்தால் எல்லாம் சரியாகிவிடாது என்பதற்கும் லண்டனே சாட்சி. ரஃபாயெல் வின்யோலி வடிவமைத்த 20 ஃபென்சர்ச் தெருக் கட்டடம் 2007இல் பொது விசாரணையைத் தாண்டி அனுமதி பெற்றது. 2013 ஆகஸ்ட் இறுதியில் அதன் உட்குழிந்த கண்ணாடி முகப்பு வெயிலைக் குவித்து, கீழே நிறுத்தியிருந்த ஜாகுவார் காரின் பாகங்களை உருக்கியது. அதே கலைஞரின் லாஸ் வேகாஸ் ஓட்டலிலும் அதற்குமுன் குவிந்த வெயில் புகாராக எழுந்திருந்தது. கஜியாவின் சமன்பாட்டுக்குள் அந்த ஒளிக்குவிப்பு அடங்கியே இருக்கிறது. ஆனால் காட்சிப் படம் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும்.

நம்மிடம் படத்தை இப்படி அளந்து சரிபார்க்கும் முறை இல்லை. ஆனால் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12வது பிரிவு தெளிவானது: விளம்பரத்திலோ விவரக் குறிப்பிலோ உள்ள தகவலை, அல்லது மாதிரி வீட்டை நம்பி முன்பணம் கொடுத்தவர், அதிலுள்ள பொய்யான கூற்றால் இழப்படைந்தால், கட்டுநர் ஈடு செய்ய வேண்டும், விலக விரும்பினால் போட்ட பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும். வரைபடத்திலிருந்து விலகிக் கட்டுவதை 14வது பிரிவு தடுக்கிறது. அப்படியானால் விவரக் குறிப்பில் முழுப்பக்கம் நிறைக்கும் படம் என்ன வகைக் கூற்று? 'ஓவியரின் கற்பனை' என்று அடியில் எறும்பெழுத்தில் போட்டுவிட்டால் அது கூற்றாக இல்லாமல் போய்விடுமா? வாங்குபவர் பிளானைப் பார்த்து முடிவெடுக்கவில்லை, படத்தைப் பார்த்தே முடிவெடுத்தார் என்பது விற்பவருக்குத் தெரியும். அதனால்தான் படத்துக்கு அவ்வளவு செலவழிக்கிறார்.

ஆந்திரத்தின் புதிய தலைநகராகத் திட்டமிடப்பட்ட அமராவதியில் நடந்தது இதைவிடப் பெரிது. நிலம் திரட்டும் திட்டத்தில் விவசாயிகள் 30,000 ஏக்கருக்கு மேல் கொடுத்தார்கள். கட்டடக் கலைஞர் ஃபுமிஹிகோ மாகியின் நிறுவனம் 2016இல் தேர்வாகி, பின்னர் நீக்கப்பட்டது. பிறகு ஃபாஸ்டர் நிறுவனம் வந்தது. இயக்குநர் ராஜமௌலியிடமும் ஆலோசனை கேட்டார்கள். கண்ணைப் பறிக்கும் படங்கள் நாடெங்கும் சுற்றின. 2019இல் ஆட்சி மாறியதும் பணிகள் நின்றன, 2024இல் மறுபடி ஆட்சி மாறியபின் மீண்டும் தொடங்கின. நிலத்தைக் கொடுத்தவர்களின் கையில் அந்த ஆண்டுகளில் படங்கள் இருந்தன, நகரம் இல்லை.

இந்த நிலையில்தான் செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. 2023இல் வெளியான கன்ட்ரோல்நெட் போன்ற முறைகளால், கையால் கிறுக்கிய கோட்டுப்படத்தைக் கொடுத்தால் சில நொடிகளில் புகைப்படம்போன்ற முகப்பு வந்துவிடுகிறது. ஆரம்பகட்டத்தில் நாலு யோசனைகளை வாடிக்கையாளரோடு உட்கார்ந்து பேச இது அருமையான துணை, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்துக்குப் பின்னால் மாடல் கிடையாது. சுவரின் கனம் கிடையாது, சூரியன் நிற்கும் திசை கிடையாது, கேமரா உயரமும் கிடையாது. இதுவரை பார்த்த லட்சக்கணக்கான படங்களைப் போலத் தோன்ற வேண்டும் என்பதே அதன் இலக்கு. மூன்று சன்னல் நான்காகலாம். பால்கனி தாங்க ஆதாரமில்லாமல் தொங்கலாம். நிழல்கள் இரண்டு திசையில் விழலாம். பழைய ரெண்டரிங்கில் பொய் சொல்ல ஒருவர் கேமராவை நகர்த்த வேண்டியிருந்தது. கோப்பைத் திறந்தால் அந்த நகர்வு அகப்படும். இதில் திறந்து பார்க்கக் கோப்பே இல்லை.

ஆகவே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். திட்ட விவரங்களை ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் கட்டுநர் பதிவேற்ற வேண்டும் என்று சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. விளம்பரப் படங்களையும் அதே பக்கத்தில் சேர்க்கச் சொல்லலாம். ஒவ்வொரு படத்தின் கீழும் கேமரா நிற்கும் இடம், கண்ணின் உயரம், லென்ஸ், வெயிலின் நாளும் நேரமும், மரங்களின் வயது, நீக்கப்பட்ட சுவர் ஏதும் உண்டா என்ற ஆறு தகவல்கள் இருக்கட்டும். அளந்த மாடலிலிருந்து வந்ததா, வெறும் கோட்டுப்படத்திலிருந்து வந்ததா என்பது ஏழாவது. மென்பொருளில் இவற்றில் பெரும்பாலானவை கோப்பிலேயே பதிந்திருக்கின்றன. எழுதிப் போட ஐந்து நிமிடம் ஆகாது. சாவி கைக்கு வரும் நாளில் வாங்கியவர் அதே இடத்தில், அதே உயரத்தில் தன் கைப்பேசியைப் பிடித்து ஒரு படம் எடுப்பார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், 12வது பிரிவின் கீழ் என்ன கேட்கலாம் என்பது அவருக்கும் அவருடைய வழக்கறிஞருக்கும் விளங்கிவிடும்.